மூன்று மடங்கு சம்பளமும் ஒரே ஒரு உடம்பும்



இந்தப் பகுதியில் வழக்கமாக இனிப்பு நீரைப் பற்றியும், ரத்தக் கொதிப்பைப் பற்றியும், பிள்ளைகளின் வயிற்றுப் பூச்சியைப் பற்றியும் பேசுவோம். இம்முறை சம்பளத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "சுகாதாரப் பக்கத்திலே சம்பளத்துக்கு என்னா வேலை?" என்று கேட்பீர்கள். சம்பளம் என்பது உடம்பை விற்று வாங்கும் காசுதானே ஐயா! என்ன விலைக்கு விற்கிறோம், விற்றபிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் சுகாதாரத்தில் சேர்ந்ததுதான்.

ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களில் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தாலும் இதே பேச்சு. "அண்ணே, பாலத்தைத் தாண்டினா மூணு மடங்கு சம்பளமாம். நம்ம பையனையும் அனுப்பிடலாமா?" அனுப்பாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தோட்டத்திலே கட்டி வைத்துச் சோறு போட முடியுமா? ஆனால் மூன்று மடங்கு என்ற அந்தக் கணக்கை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1973 மே மாதம் வரை நம் வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இங்கே வாங்கிய சம்பளத்தை மடியில் முடிந்துகொண்டு போய் சிராங்கூன் ரோட்டில் சேலை வாங்கலாம், ஒரு காசு குறையாது. அந்த ஏற்பாடு அந்த மாதத்தோடு நின்றது. 2025-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்குக்கு 3 ரிங்கிட் 20 காசு என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022 மே மாதத்தில் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. நம் பையன் அங்கே ஒரு தொழிற்சாலையில் 1,800 வெள்ளிக்குச் சேர்ந்தான் என்றால் 5,760 ரிங்கிட். பொய் சொல்லக் கூடாது, கூடுதல்தான். மூன்று மடங்குக்கும் மேலே.

ஆனால் ஒன்று. சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. துப்புரவு, காவல் போன்ற சில தொழில்களுக்குப் படிப்படியான சம்பள ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு ஆட்களை வைத்திருக்கும் கம்பெனி தன் உள்ளூர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய தொகை 2024 ஜூலையில் 1,600 வெள்ளியாக உயர்ந்தது. இவையெல்லாம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். பெர்மிட்டில் போகிறவனுக்குச் சட்டம் எந்தத் தொகையையும் சொல்லவில்லை. முதலாளி எழுதியதுதான் சம்பளம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்காவுக்குப் போங்கள். சந்தையிலிருந்து பஃபலோ ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா கடை வரைக்கும் தலை தலையாகத் தெரியும். அதில் நம் ஜொகூர்ப் பையன்களும் இருப்பார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்திலிருந்து வந்த பையன்களும் இருப்பார்கள். ஒரே பாஷை, ஒரே சாப்பாட்டுக் கடை, ஒரே தெரு. சம்பளம் மட்டும் ஒன்றல்ல. ஊரிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 18 வெள்ளி, 20 வெள்ளி என்று அங்குள்ள தொழிலாளர் உதவி அமைப்புகள் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கின்றன. 20 வெள்ளி என்றே வைத்து 26 நாளைக்குப் பெருக்குங்கள். 520 வெள்ளி. ரிங்கிட்டில் 1,664. நம் செம்பனைத் தோட்டத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவு! அந்தப் பெரிய பெரிய மாடிக் கட்டடங்களைக் கட்டியவனின் அடிப்படைச் சம்பளம் இது. மேலே வருவதெல்லாம் ஓவர்டைம். அதாவது தூக்கத்தை விற்ற காசு. இதில் தரகருக்குக் கொடுத்த கடன் வேறு. பல மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருப்பான்.

ஆகவே "சிங்கப்பூர்ச் சம்பளம்" என்று ஒரு சம்பளம் கிடையாது. எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தாய், எவ்வளவு கடனோடு வந்தாய் என்று பார்த்துத்தான் அங்கே விலை போடுகிறார்கள்.

சரி, நம் பையன் கதைக்கு வருவோம். அவனுக்குக் கடன் இல்லை, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். அதுதான் அவனுடைய பலம். அவனுடைய நோயும் அதுதான். கணக்குப் போடுங்கள். காலை எட்டு மணி வேலைக்குத் தோட்டத்து வீட்டிலிருந்து நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறான். பாலம் ஒரு கிலோமீட்டர் தூரம்தான். அதைத் தாண்ட எடுக்கும் நேரம் ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஓவர்டைம் முடித்து எட்டு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு வீடு. குளித்து, சாப்பிட்டு, பிள்ளை முகத்தைப் பார்த்துப் படுக்கப் பதினொன்று. மூன்றரைக்கு மறுபடி அலாரம். நாலரை மணி நேரத் தூக்கம். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் உடம்பு தாங்கும். வருஷக் கணக்கில் இப்படிப் போனால் ரத்தக் கொதிப்பு ஏறும், இனிப்பு நீர் சீக்கிரம் வரும், வீட்டிலே எரிந்து விழுவான். எல்லாவற்றுக்கும் மேலே, வண்டி ஓட்டிக்கொண்டே கண் அசருவான். நம் நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சட்டத்திலே வாரத்துக்கு 44 மணி நேரம் என்று சிங்கப்பூரிலும், 45 மணி நேரம் என்று 2023 முதல் மலேசியாவிலும் இருக்கிறது. ஓவர்டைம் அங்கே மாதத்துக்கு 72 மணி வரை, இங்கே 104 மணி வரை. காகிதத்தைப் பார்த்தால் அவர்கள் நம்மைவிட மேல். ஆனால் பாலத்தில் நிற்கிற நேரத்தை எந்த நாட்டுச் சட்டமும் வேலை நேரமாக எண்ணவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நம் தோட்டத்து ஆள் வீட்டிலிருந்து வேலைக்காட்டுக்குப் போகும் வழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் சொக்சோ அதை வேலை விபத்தாக ஏற்றுக்கொள்ளும். 1969-ம் வருஷச் சட்டத்தின் பலன் அது. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் அப்படி இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது அடிபட்டால் உண்டு. சொந்த மோட்டார் சைக்கிளில் போகும்போது விழுந்தால் இல்லை. சிங்கப்பூர் முதலாளி நம் பையனுக்காக சொக்சோ சந்தா கட்டுவதும் இல்லை. ஆக, விடியற்காலை நாலரை மணிக்குப் பாலத்தின்மேல் விழுகிற பையன் இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் நடுவிலே விழுகிறான். பையனை அனுப்பியிருக்கும் வீட்டுக்காரர்கள் சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் போய், சொந்தமாகச் சந்தா கட்டிச் சேர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். தனிப்பட்ட விபத்துக் காப்புறுதி ஒன்றாவது எடுத்து வையுங்கள். மாதம் ஐயாயிரம் கொண்டுவருகிற பையனுக்கு இந்தச் செலவு பெரிதல்ல.

வேலை இடத்திலேயே அடிபட்டால்? இங்கே சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பாராட்டித்தான் ஆகவேண்டும். யார் தவறு என்று கேட்பதில்லை. வேலையால் வந்த காயம் என்றால் போதும். எம்.சி. கொடுத்த நாட்களுக்கு, வெளி நோயாளியாக இருந்தால் 14 நாள் வரை, ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம்; அதற்குப் பிறகு ஒரு வருஷம் வரை மூன்றில் இரண்டு பங்கு. நம் சொக்சோ தற்காலிக ஊனத்துக்கு 80 சதவீதம் கொடுக்கிறது. அங்கே நிரந்தர ஊனத்துக்கு உச்ச வரம்பு 2025 நவம்பர் முதல் 346,000 வெள்ளி, மரணத்துக்கு 269,000 வெள்ளி. வயதையும் சம்பளத்தையும் பார்த்துக் கணக்கிட்டு மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். நம் சொக்சோ பெரிய ஊனத்துக்கு மாதாமாதம் கொடுக்கும். ஆள் போய்விட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் வரும். எது மேல்? கைநிறைய ஒரே தடவையாகப் பணம் வந்த வீடுகள் சிலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். மைத்துனன் வருவான், சீட்டுக்காரன் வருவான், இரண்டு வருஷத்தில் பணம் காணாமல் போகும். என் கருத்தில், விதவைக்கு மாதாமாதம் வருகிற சிறு தொகையே பெரியது. பத்து பேர் மறுத்துப் பேசினாலும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அந்த நல்ல சட்டம் அங்கே எத்தனை பேருக்குப் பயன்படுகிறது என்பது வேறு கதை. பெர்மிட் முதலாளியின் பெயரோடு ஒட்டியிருக்கிறது. அவர் நினைத்தால் ரத்து செய்யலாம். அடிபட்டு இழப்பீடு கேட்கிறவன் பெர்மிட் போய்விட்டால் "ஸ்பெஷல் பாஸ்" என்று ஒரு சீட்டில் நாட்டில் இருக்கலாம், ஆனால் பொதுவாக வேலை செய்ய முடியாது. வழக்கு முடிய மாதக்கணக்காகும். அதுவரை சாப்பாடு? முதலாளிதான் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் தேக்காவில் கஃப் ரோட்டில் 2008-ல் ஒரு தொண்டு அமைப்பு, டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ என்று பெயர், இப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு போட ஆரம்பிக்க வேண்டியிருந்தது. சட்டம் முழுசாக வேலை செய்திருந்தால் அந்தப் பந்திக்கு என்ன தேவை? இது தெரிந்த தொழிலாளி என்ன செய்வான்? விரல் நசுங்கினால் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பான். முதுகு பிடித்தால் தைலம் தேய்ப்பான். கடன் தீரும் வரை வலியைச் சொல்லமாட்டான். வைத்தியத்துக்கு வருகிறபோது முற்றிப் போயிருக்கும்.

சாதாரண நோய்க்கு வருவோம். நாம் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்து டாக்டரைப் பார்க்கிறோம். அரை நாள் காத்திருக்கிறோம், முணுமுணுக்கிறோம். இருந்தாலும் ஒரு ரிங்கிட். இதன் அருமை சிங்கப்பூருக்குப் போனால்தான் தெரியும். வெளிநாட்டுக்காரனுக்கு அங்கே அரசாங்க மானியம் இல்லை. பெர்மிட் தொழிலாளிக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி வாங்கியாக வேண்டும். 2023 ஜூலை முதல் அது வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முன்பு 15,000 தான். நல்ல முன்னேற்றம். ஆனால் இது ஆஸ்பத்திரியில் படுப்பவனுக்கு. இருமல், காய்ச்சல், இனிப்பு நீர் மாத்திரைக்கு இல்லை. விடுதியில் தங்குவோருக்கும், கட்டுமானம், கப்பல் பட்டறைத் தொழிலாளருக்கும் 2022 ஏப்ரலில் ஒரு திட்டம் வந்தது: மருத்துவ நிலையத்தில் 5 வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்க்கலாம். கடையிலோ ஆபீசிலோ வேலை பார்க்கும் ஜொகூர்ப் பையன் அதில் சேரவில்லை. அவன் காய்ச்சலோடு பாலம் தாண்டி வந்து இங்கேதான் ஊசி போட்டுக்கொள்கிறான்.

விடுதி என்றதும் 2020 நினைவுக்கு வருகிறது. ஏப்ரல் 5-ம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு பெரிய விடுதிகளைப் பூட்டினார்கள். பிறகு மற்ற விடுதிகளும் அடைபட்டன. அந்த வருஷக் கடைசியில் அரசாங்கமே சொன்ன கணக்கு: விடுதிகளில் இருந்த 323,000 பேரில் ஏறக்குறைய 152,000 பேருக்குக் கொரோனா தொற்றியிருக்கிறது. இரண்டு பேருக்கு ஒருவர்! வயது குறைந்தவர்கள், நல்ல வைத்தியமும் கிடைத்தது, சாவு மிகக் குறைவு. அந்தப் பெருமை சிங்கப்பூர் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும். ஆனால் நோய் பரவியது ஏன்? ஒருவன் மூச்சு இன்னொருவன் முகத்தில் படும்படி கட்டில் போட்டதால். அதற்குப் பிறகுதான் புதிய விதி வந்தது: ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கக்கூஸ்.

நம் பாட்டன்மார் சிலர் கப்பலில் சிங்கப்பூர் வழியாக வந்தபோது, 1874-ல் நோய்த் தடுப்பு நிலையம் தொடங்கிய சென் ஜான்ஸ் தீவில் இறக்கி, நோய் இல்லை என்று தெரிந்தபிறகே உள்ளே விட்டார்கள். கூலிக்கு வருகிறவன் உடம்பை முதலில் சந்தேகிப்பது அன்று தொட்டு வருகிற பழக்கம்.

2013 டிசம்பர் 8-ம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, கலவரமானதும் நினைவிருக்கும். அதன் பிறகு தேக்கா வட்டாரத்தில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது. கள்ளுக்கடை நம் லயங்களை என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்த நாம் குடிக்கு வக்காலத்து வாங்க மாட்டோம். இருந்தாலும் ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஒரு தெருவிலே சேர்ந்து நிற்கிறவனுக்குப் போத்தலைத் தவிர வேறு என்ன வைத்திருந்தோம் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து நாம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது வெயில் விதி. 2023 அக்டோபரில் அவர்களுடைய மனிதவள அமைச்சு அறிவித்தது. வெறும் வெப்பமானியைப் பார்க்காமல், வெயில், காற்றிலுள்ள ஈரம், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து அளக்கிறார்கள். அந்த அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடின வேலை செய்கிறவனுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது நிழலில் ஓய்வு. புதிதாக வந்தவனை முதல் நாளே வெயிலில் போட்டு வாட்டக் கூடாது. குறைந்தது ஏழு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். நம் நாட்டிலும் 2016-ல் இதுபற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். வழிகாட்டி என்றால் செய்தாலும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

பதினொரு மணி வெயிலில் நீட்டுக் கம்பு பிடித்து அண்ணாந்து குலை வெட்டுகிறவனுக்கு இந்த விதி இல்லை என்பது என்ன நியாயம்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாள் சம்பளக்காரன் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் சம்பளம் குறையாது. டன் கணக்கில், குலைக் கணக்கில், பால் எடைக் கணக்கில் வாங்குகிறவன் உட்கார்ந்தால் அவன் காசுதான் குறையும். ஆகவே தண்ணீர் குடிக்கவும் நிற்க மாட்டான். மூத்திரம் மஞ்சளாக, எரிச்சலாகப் போனாலும் கவலைப்பட மாட்டான். பிறகு சிறுநீரகம் கெட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது விதியை நொந்துகொள்வான். ஓய்வு நிமிஷத்துக்கும் சேர்த்து விலை போட்டால்தான் வெயில் விதி தோட்டத்தில் நிற்கும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் மேசைமேல் வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. தேக்காவில் தஞ்சாவூர்ப் பையன் படுகிற பாட்டுக்கு உச் கொட்டுகிறோம். நம் தோட்டத்துக் கடைசி லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பியை, இந்தோனேசியாக்காரரைப் பார்க்கிறோமா? அவனுக்கும் கடன், அவனுக்கும் பெர்மிட் பயம். 2020-ல் அமெரிக்கச் சுங்கத்துறை நம் நாட்டுச் செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயைக் கட்டாய உழைப்பு என்ற சந்தேகத்தில் நிறுத்தி வைத்ததே, அது எந்த ஊர்க் கதை? கூட்டு விடுதியில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்பதுதான் நம் நாட்டு விதி. சிங்கப்பூர் விதியைவிடக் குறைவு. அவன் காய்ச்சலில் படுத்தால் அடுத்த லயத்துப் பிள்ளைக்கும் வரும். டிரஸ்ஸரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போக பாஷை தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

சம்பளக் கணக்கில் விட்டுப்போன ஒரு வரியையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே 1,700 ரிங்கிட் வாங்குகிறவனுக்கு முதலாளி 13 சதவீதமும் தொழிலாளி 11 சதவீதமும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 400 ரிங்கிட் இ.பி.எப்.பில் விழுகிறது. சிங்கப்பூரில் பெர்மிட்டில் வேலை செய்கிறவனுக்கு அவர்களுடைய மத்திய சேமநிதி கிடையாது. வாங்கியதெல்லாம் கையில். இருபத்தைந்து வயதில் கையில் இருப்பது நன்றாக இருக்கும். ஐம்பத்தைந்தில் முழங்கால் தேய்ந்து, கண்ணில் புரை விழுந்து நிற்கிறபோது மருந்துச் செலவுக்கு எது வரும்? நம் தோட்டத்து ஓய்வுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, பாலம் தாண்டுவது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு. சம்பளச் சீட்டை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்து வைக்காதீர்கள், கைப்பேசியில் படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பணத்தில் மாதம் 500 ரிங்கிட்டாவது நீங்களே இ.பி.எப்.பில் கட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லித் தூங்குங்கள். முடிந்தால் நாலு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடியுங்கள், தூங்கிக்கொண்டே போகலாம். அடிபட்டால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுத வையுங்கள். டாக்டரிடம் "வேலையில் அடிபட்டது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. வேலையை விட்டு நிறுத்திவிட்டாலும் அந்த உரிமை போகாது. எம்.சி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது ஒன்றையும் எறியாமல் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து, அரிசி டின் பக்கத்திலே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.